வாயில் கரண்டி, கையில் சாவி: குழந்தைகளின் வலிப்பும் நம் வீட்டு முதலுதவியும்

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் காய்ச்சலைப் பற்றி எழுதும்போது, வலிப்பு கண்ட குழந்தையின் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை என் சொந்த மாவட்டமான கன்னியாகுமரியிலிருந்து வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். கடிதங்களில் சன்னி, பிக்ஸ், வலிப்பு, இழுப்பு என்று பல பெயர்கள் வருகின்றன. இவற்றில் ‘இழுப்பு’ என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். மூச்சிரைப்புக்கும் அதே சொல் வழங்குவதால், தொலைபேசியில் கேட்கும் மருத்துவர் ஒன்றை மற்றொன்றாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

கேள்வி: என் மகளும் மருமகனும் விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போய்விடுவார்கள். இரண்டரை வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்வது நான்தான். மூன்று வாரங்களுக்கு முன் காய்ச்சலோடு படுத்திருந்தவனுக்கு விடியற்காலையில் சன்னி கண்டது. கண் மேலே செருகிப் பல் கிட்டிப்போனது. நாக்கைக் கடித்துவிடுவான் என்று பயந்து எவர்சில்வர் கரண்டியின் காம்பைப் பல்லுக்கிடையில் திணித்தேன். இரத்தம் வந்தது, சற்று நேரத்தில் சன்னியும் நின்றது. ஆனால் மேல்வரிசையில் ஒரு பல்லைக் காணவில்லை. விழுங்கியிருப்பான், மலத்தோடு போய்விடும் என்று பக்கத்தில் உள்ளவர்கள் சொன்னார்கள். அன்று முதல் இருமல் விடவில்லை. இரவில் நெஞ்சில் விசில் போல ஒரு சத்தம் கேட்கிறது. மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது தவறா? (குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: அம்மா, தவறா இல்லையா என்பதைப் பிறகு பேசுவோம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாத செய்தி உங்கள் கடிதத்தில் இருந்ததால், கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்கள் மகளிடம் பேசிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன். வலிப்பின்போது விழுந்த பல் கையிலும் பாயிலும் கிடைக்கவில்லை என்றால், அது வயிற்றுக்குத்தான் போயிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நினைவில்லாத குழந்தைக்கு இருமித் தள்ளும் ஆற்றல் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் வாயில் கிடக்கும் பல் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக் கூடும். வலப்பக்க மூச்சுக்குழல் இடப்பக்கத்தைவிட அகலமாகவும் நேராகவும் இறங்குவதால், இப்படிப் போகும் பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் சிக்கும். பிறகு விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் விசில் சத்தம், அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் நுரையீரல் காய்ச்சல் என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். ‘பல் காணாமல் போனது’ என்ற விவரத்தை வீட்டார் சொல்லாவிட்டால், சளி மருந்தும் ஆஸ்துமா மருந்துமாக மாதக்கணக்கில் காலம் போய்விடும். பல் எக்ஸ்-ரே படத்தில் தெரியக் கூடிய பொருள் என்பதால், நெஞ்சுப் படம் எடுத்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இருப்பது உறுதியானால் மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் என்னும் உள்நோக்கிக் கருவியால் எடுத்துவிடுவார்கள். மருத்துவரைப் பார்த்தவுடன் இருமலைப் பற்றிச் சொல்வதற்கு முன்பாகப் பல்லைப் பற்றிச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாக்கை விழுங்கிவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. நாக்கு வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் உறுப்பு. அதை யாராலும் விழுங்க முடியாது. வலிப்பில் நாக்கு கடிபடுவது உண்மைதான். ஆனால் அது உடல் விறைக்கும் முதல் சில நொடிகளிலேயே, பல் கிட்டும் அந்தக் கணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் அடுக்களைக்கு ஓடிக் கரண்டி எடுத்துவரும்போது கடிபட வேண்டியது கடிபட்டிருக்கும். நாக்குக்கு இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் அந்தக் காயம் பெரும்பாலும் தையல்கூட இல்லாமல் சில நாட்களில் ஆறிவிடும். உடைந்த பல்லும் கிழிந்த ஈறும் அப்படி எளிதில் சரியாவதில்லை. மூச்சுக்குழலில் போன துண்டோ உயிருக்கே ஆபத்து. கிட்டிய தாடையை நெம்பித் திறக்க முயலும்போது தாடை மூட்டு விலகுவதும் உண்டு. கரண்டிக்குப் பதிலாக விரலைக் கொடுப்பவர்களின் விரல் எலும்பு தெரியும்வரை கடிபட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். துணியைச் சுருட்டி வைத்தால் அடிபடாதே என்று சிலர் கேட்கிறார்கள். துணி வாயை அடைக்கும், குமட்டி வாந்தி வரவைக்கும், வெளியே வழிய வேண்டிய எச்சிலை உள்ளேயே நிறுத்தும். ஆகவே துணியும் கூடாது.

என் தங்கைக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, எங்கள் அம்மை சிரட்டை அகப்பையின் காம்பைத்தான் அவள் வாயில் வைத்தாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அம்மை சாகும்வரை அந்தப் பல்லைப் பற்றிப் பேசியதே இல்லை. தங்கை சிரிக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தை மருத்துவம் படித்து வந்த பிறகாவது, ‘உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்’ என்று நான் அம்மையிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன், உங்கள் மகளும் இதைப் படிக்கட்டும்: செய்த செயல் தவறு, ஆனால் அது உங்கள் தலைமுறை முழுவதற்கும் சரியென்று சொல்லித் தரப்பட்ட தவறு. அந்த விடியற்காலையில் பிள்ளையை விட்டு ஓடாமல் பக்கத்தில் இருந்தவர் நீங்கள்.

மீண்டும் வந்தால் என்ன செய்வது? தரையிலோ பாயிலோ கிடத்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; எச்சிலும் வாந்தியும் தாமாக வெளியே வழிந்துவிடும். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த துணி ஒன்று போதும். சுற்றி இருக்கும் அருவாமனை, அடுப்பு, கட்டில் கால் ஆகியவற்றிலிருந்து பிள்ளையை விலக்குங்கள். உதறும் கைகால்களைப் பிடித்து அமுக்காதீர்கள். அமுக்குவதால் வலிப்பு நிற்காது, தோள்மூட்டு விலகுவதோ எலும்பு முறிவதோ நேரலாம். வலிப்பு தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது; அப்போது மருந்து தேவை, 108-ஐ அழைக்க வேண்டும். உங்களைப் போலத் தோட்டத்துக்குள் ஒதுங்கிய வீட்டில் தனியாக இருப்பவர்கள் ஐந்து நிமிடம் முடியட்டும் என்று காத்திராமல் தொடக்கத்திலேயே அழைத்துவிடலாம். வண்டி வருவதற்குள் வலிப்பு நின்றுவிட்டால் அதில் ஒரு குற்றமும் இல்லை.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வலிப்பு வந்தவர்களுக்கு என் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து இதுவரை ஐந்தாறு பேருக்கு நின்றிருக்கிறது. கண்ணால் கண்டதை எப்படிப் பொய் என்று சொல்வீர்கள்? ஒருமுறை சாவி கிடைக்காமல் ஒரு சிறுவன் கையில் பால்வெட்டுக் கத்தியைக் கூடப் பிடித்துக் கொடுத்தார்கள். (மார்த்தாண்டம்)

பதில்: நீங்கள் கண்டது பொய்யல்ல. சாவி கொடுத்தீர்கள், வலிப்பு நின்றது. இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றினால் மற்றொன்று நடந்ததா என்பதுதான் கேள்வி. வலிப்பு என்பது மூளையின் நரம்புச் செல்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுவதால் வருவது. பெரும்பாலான வலிப்புகளில் அந்தத் துடிப்பு ஓரிரு நிமிடங்களில், மிஞ்சினால் மூன்று நிமிடங்களில், தானாகவே அடங்கிவிடும். ஒருவர் விழுகிறார்; கூட்டம் கூடுகிறது; இரும்பு இரும்பு என்று யாரோ கத்துகிறார்கள்; நீங்கள் வண்டியை நிறுத்திச் சாவியை உருவி எடுத்து வருகிறீர்கள். இதற்கே ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அடங்கப் போகும் நேரத்தில்தான் சாவி கைக்குள் போகிறது. சாவிக்குப் பதில் வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும். நோயாளியின் கையிலுள்ள இரும்பு மூளைக்குள் நடப்பதை எந்த வழியிலும் மாற்றுவதில்லை.

சாவியால் கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன என்று படித்தவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கெடுதல் உண்டு. இறுக மூடிய விரல்களை நெம்பித் திறப்பதில் காயம் ஏற்படுகிறது; உதறும் கையிலுள்ள சாவிமுனை முகத்திலும் கண்ணிலும் குத்துகிறது. கத்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதையும்விடப் பெரிய கெடுதல், சாவியைத் தேடும் அந்த ஒன்றரை நிமிடமும் மல்லாந்து கிடப்பவரின் தொண்டையில் எச்சில் தேங்கிக்கொண்டிருக்கிறது, அவரை ஒருக்களிக்க வைக்க ஒரு கையும் வருவதில்லை. சாவியை நம்பி மருந்தை நிறுத்திய குடும்பங்களும் உண்டு. நீங்கள் சாலையில் நிற்பவர், விபத்துக்கும் வலிப்புக்கும் முதலில் ஓடி வருபவர். உங்களைப் போன்ற ஒருவர் ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தொடங்கினால், மார்த்தாண்டம் சந்திப்பில் பார்த்து நிற்கும் நூறு பேரும் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: நான் ஆழ்கடலுக்குப் போயிருந்த நாளில் என் ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. தெளியட்டும் என்று எலுமிச்சைச் சாற்றை வாயில் பிழிந்து, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டிருக்கிறார்கள். மறுநாள் மூச்சுத்திணறல், நுரையீரல் காய்ச்சல் என்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காய்ச்சலே சளியால்தான் வந்தது, எண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். (குளச்சல் கடற்கரைப் பகுதி)

பதில்: உங்கள் மகளின் எக்ஸ்-ரே படத்தைப் பார்க்காமல் அவளுக்கு நடந்தது இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். நினைவோடு இருக்கும்போது ஒரு சொட்டு தண்ணீர் தவறிப் போனாலும் நமக்குப் புரையேறுகிறது. இருமி வெளியே தள்ளுகிறோம். வலிப்பின்போதும் அது நின்ற பிறகு குழந்தை மயங்கிக் கிடக்கும்போதும் அந்தக் காவல் ஓய்ந்திருக்கும். அப்போது வாயில் ஊற்றுவது தண்ணீரோ, பாலோ, ஓதிக் கொடுத்த தீர்த்தமோ, டாக்டர் எழுதிய காய்ச்சல் சிரப்பேயானாலும் நுரையீரலுக்குள் போகலாம். எலுமிச்சைச் சாறு அமிலம் என்பதால் உள்ளே போனால் மென்மையான நுரையீரல் திசுவைப் புண்ணாக்கும். எண்ணெய் இன்னும் மோசம். அது இருமலைக் கூடத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். நுரையீரலால் அதை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அதனால் வரும் அழற்சி வாரக்கணக்கில் நீடிக்கும். வெங்காயச் சாற்றை மூக்கில் பிழிவதும் இந்த வகையில் சேர்ந்ததுதான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சளி பிடித்த பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் மாவட்டத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள். சிறு குழந்தை சாமி மாடத்துக் கற்பூரத்தில் ஒரு துண்டை எடுத்து மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கூட அது உடலில் சேர்கிறது. யூக்கலிப்டஸ் தைலத்துக்கும் இதே குணம் உண்டு. அதை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே சிறு குழந்தைக்குப் பெரும் ஆபத்து. வலிப்பு வந்த குழந்தையைத் தெளியவைக்கக் கற்பூர எண்ணெயைத் தேய்ப்பவர்கள், வலிப்பைத் தூண்டக் கூடிய பொருளையே மீண்டும் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பில் இவற்றைத் தேய்க்கவே வேண்டாம். ஏற்கெனவே வலிப்பு வந்த குழந்தைக்கு எந்த வயதிலும் வேண்டாம். கற்பூரத்தையும் தைலத்தையும் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு இரண்டாம் முறை வலிப்பு வந்ததும், நெற்றியில் சூடு போட்டால் பிறகு வராது என்று மாமியார் வற்புறுத்துகிறார். என் கணவருக்கும் சிறுவயதில் போட்டிருக்கிறார்கள், அவருக்குப் பிறகு வரவில்லையாம். (தோவாளை வட்டம்)

பதில்: சூடு போட விடாதீர்கள். காய்ச்சலால் வரும் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது. நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே மீண்டும் வரும். ஐந்து வயதைத் தாண்டும்போது பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். உங்கள் கணவருக்கு நின்றது வயதால். சூட்டால் அவருக்குக் கிடைத்தது அந்தத் தழும்பு மட்டுமே. தந்தைக்கு வந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை, ஆகவே உங்கள் மகனுக்கு வந்ததில் வியப்பில்லை. சூட்டுப் புண்ணில் சீழ் பிடித்து, கிருமி இரத்தத்தில் கலந்து, வலிப்பால் ஒரு தீங்கும் அடையாத குழந்தைகள் அந்தப் புண்ணால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததுண்டு. மாமியாரைச் சண்டை போட்டுத் தடுக்க முடியாவிட்டால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அந்த வயதினர் மருமகள் சொன்னால் கேட்காததை டாக்டர் சொன்னால் கேட்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: காய்ச்சல் ஏறாமல் இருந்தால்தானே வலிப்பு வராது? அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாரசிட்டமால் கொடுத்து, ஐஸ் தண்ணீரில் துடைக்கிறேன். சரியா? (தக்கலை)

பதில்: இரண்டும் வேண்டாம். பாரசிட்டமால் காய்ச்சலின் உடல்வலியைத் தணிக்கும், குழந்தை கொஞ்சம் சாப்பிடவும் தூங்கவும் உதவும். வலிப்பை அது தடுப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. தடுக்கும் என்று நம்பி அளவை மீறிக் கொடுப்பதால் ஈரல் கெடும் ஆபத்துதான் மிச்சம். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பாரசிட்டமால் மருந்துகள் எல்லாம் ஒரே செறிவு அல்ல. பத்து கிலோ குழந்தைக்கு வேண்டிய 150 மில்லிகிராம் என்பது, 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று அச்சிட்ட சிரப்பில் 6 மில்லி. 5 மில்லிக்கு 250 என்று அச்சிட்டதில் 3 மில்லி. ஒரு மில்லிக்கு 100 என்றிருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி மட்டுமே. புட்டி மாறும்போது பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்கும் நான்கு மடங்கும் உள்ளே போய்விடும். ஆஸ்பிரின் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது.

ஐஸ் தண்ணீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குழந்தையை நடுங்க வைக்கிறது. நடுக்கத்தால் உடல் மேலும் சூட்டை உண்டாக்குகிறது. மெல்லிய உடையும் மின்விசிறியும் போதும். காய்ச்சல் குளிரில் நடுங்குவதை வலிப்பு என்று எண்ணிப் பயப்படுகிறவர்களும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து அழுகிற குழந்தைக்கு வந்திருப்பது பெரும்பாலும் நடுக்கம்தான்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவனுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. சில ஆசிரியர்கள் செருப்பை முகரவைத்தார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். பிறகுதான் அவன் இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுவது தெரிந்தது. தாய் மறைத்திருக்கிறார். இனி அவனைப் பள்ளியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பா என்று விவாதம் நடக்கிறது. (பூதப்பாண்டி அருகே ஓர் ஆசிரியை)

பதில்: அந்தத் தாய் ஏன் மறைத்தார் என்பதற்கு அந்த விவாதமே பதில். எட்டு வயதுப் பையனை வீட்டுக்கு அனுப்புவதால் அவன் வலிப்பு குறையாது, படிப்புதான் நிற்கும். அவனைப் பள்ளியில் வைத்துக்கொள்வதற்கு ஆசிரியர் அனைவரும் முதல் பதிலில் சொன்ன சில செயல்களைக் கற்றுக்கொண்டால் போதும். செருப்பு வேண்டாம், தண்ணீர் அடிக்க வேண்டாம். வலிப்பு நின்றபின் உலுக்கி எழுப்ப வேண்டாம். அவன் கால் மணியோ அரை மணியோ குழப்பமாகவோ உறக்கமாகவோ இருப்பான். ஒருக்களித்தபடியே விட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உடை நனைந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் பார்க்கும் முன் ஒரு துண்டால் மூடுங்கள். வலிப்பைவிட அந்த வெட்கம்தான் அவனைப் பள்ளியைவிட்டு ஓடச் செய்யும். வீட்டாரிடம் எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தக் கை முதலில் துடித்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் பிள்ளையைக் கவனிக்க மற்றொருவர் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் மட்டும் காட்டினால், அது பல பரிசோதனைகளைவிடப் பயன்படும்.

தாயிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. பல நாளாக வரவில்லை என்று தாமாகவே திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும் ஆபத்து உண்டு. பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்த பிறகுதான் மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைப்பார். அடுத்தது தண்ணீர். குளமும் வாய்க்காலும் ஆறும் கடலும் சூழ்ந்த மாவட்டம் நம்முடையது. இவன் தனியாகக் குளத்தில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திராமல் தலையை மேலே தூக்கி, கரைக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

அந்தத் தாய் பயப்படுவது பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி. இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வாசகம் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 1995 முதல் அது செய்யப்படுகிறது. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படுபவர்கள் குறைவு. வலிப்பு நோயுள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு மாத்திரையே போதும்.

கேள்வி: வலிப்பு நின்றுவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? பைக்கில் கொண்டு போகலாமா? (அருமனை)

பதில்: முதல் முறை என்றால் நின்றாலும் போக வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, ஒரே நாளில் இரண்டாம் முறை, ஒரு பக்கம் மட்டும் துடித்தது, நின்ற பிறகும் தெளியாதது, விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, தலையில் அடி, காய்ச்சலே இல்லாமல் வந்தது ஆகிய எதுவாக இருந்தாலும் அன்றே போக வேண்டும். மூளைக்காய்ச்சலா என்று அறிய முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். அந்த ஊசியால் கால் விளங்காமல் போகாது. ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு உள்ள பகுதி. அதை மறுத்ததால் மூளைக்காய்ச்சல் தெரியாமலே போன குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம். மயங்கிய குழந்தையின் தலை முன்னால் தொங்கினால் மூச்சு வழி மடங்கி அடைபடும். தோளில் சாய்த்துக்கொண்டு ஓடும்போதும் அப்படித்தான். ஆட்டோ அல்லது கார் என்றால் பின்னிருக்கையில் மடியில் ஒருக்களித்துக் கிடத்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் வேண்டும் என்று வழியிலுள்ள அரசு மருத்துவமனையைக் கடந்து போகாதீர்கள். வலிப்பை நிறுத்தும் முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு மேலே அனுப்புவார்கள்.

கேள்வி: டாக்டர் மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வீட்டில் கொடுக்கலாமா? (கோட்டாறு)

பதில்: மிடாசோலம் என்ற அந்த மருந்து அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. மருத்துவர் எடையைப் பார்த்து எழுதிய அளவை, அவர் சொன்ன நிமிடத்தில், பெரும்பாலும் ஐந்தாம் நிமிடத்தில், மூக்கில் அடிக்க வேண்டும். எண்ணெயை மூக்கில் விடுவதும் இதுவும் ஒன்றல்ல. இது மிகச் சிறு துளிகளாக மூக்குத் தோலில் படிந்து நேராக இரத்தத்தில் சேர்கிறது. எப்படி அடிப்பது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். மூச்சைச் சிலருக்கு மந்தமாக்கும் என்பதால் கொடுத்த பிறகு பக்கத்திலேயே இருங்கள், 108-ஐயும் அழையுங்கள். காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு பிள்ளைக்கு எழுதியதை மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சலில் வலிப்பு வந்தது. இனி ஊசி போடாமல் விட்டுவிடலாமா? (திருவட்டாறு)

பதில்: விட வேண்டாம். ஊசியால் வந்த காய்ச்சலில் வரும் வலிப்பும் மற்றக் காய்ச்சல் வலிப்பைப் போன்றதுதான். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: கரண்டி கூடாது, சாவி கூடாது, தண்ணீர் கூடாது, பிடிக்கவும் கூடாது என்கிறீர்கள். என் பேத்திக்கு மூன்று முறை வந்துவிட்டது. அவள் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. என் கை என்ன செய்ய வேண்டும்? (தேங்காப்பட்டணம், ஒரு பாட்டா)

பதில்: ஐயா, உங்கள் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. இடக்கையை அவளுடைய தோளுக்குப் பின்னால் அணைகொடுத்து வையுங்கள்; அவள் மல்லாந்துவிடாமல் ஒருக்களித்தபடியே இருக்கச் செய்வது அந்தக் கை. வலக்கையில் ஒரு துணி. கன்னத்தில் வழியும் எச்சிலை வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டே இருங்கள், விரல் பல்லுக்குள் போகாமல். கண் கடிகாரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று வாய்விட்டு நேரத்தைச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கூச்சலிடுவது அடங்கி அவர்களும் எண்ணத் தொடங்குவார்கள். உதடு சற்று நீலமாவதைப் பார்த்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். விறைப்பு விட்டதும் பெரும்பாலும் மூச்சு தானாகத் திரும்பும். வலிப்பு முழுவதும் நின்ற பிறகும் மூச்சே வரவில்லை என்றால்தான் செயற்கை மூச்சு தேவை, அதை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கண் விழிக்கும்போது அவள் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் முகத்தை. பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள், நன்றாக விழித்துப் பேசும்வரை ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்காதீர்கள். அவள் படுக்கும் அறையில் வினாடி முள்ளுள்ள கடிகாரம் இல்லையென்றால், நாளைக்கே ஒன்று வாங்கி, பாயிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் மாட்டிவையுங்கள்.